ஊசிமுனையில் உலர்ந்த சிவப்பு

ஏப்ரல் 13, திங்கள்

செல்வினின் கைநடுக்கம் காபித் தம்ளரைத் தாண்டி, காற்றால் வண்ணம் தூவும் ஏர்பிரஷ்ஷுக்கு வந்துவிட்டது. விசையை விரல்நுனியால் மயிரிழை பின்னுக்கு இழுத்தால் வண்ணம் பனியைப் போல் இறங்க வேண்டும். இவன் இழுத்ததில் கப்பலின் மேல்தட்டு அம்மை கண்டதுபோல் ஆகிவிட்டது. ஈரத்துணியால் துடைத்து முடித்த பிறகு, "இனி என்னால முடியாதுக்கா" என்றான்.

கப்பல் என்று நான் எழுதுவது மரியாதைக்காக. அது என் முழங்கை நீளமுள்ள பிளாஸ்டிக் பொம்மை. அதுவும் உலகம் சுற்றிய கப்பலின் உருவம் அன்று. துறைமுக வாயில்களில் சேறு வாரிய தூர்வாரும் கப்பல். என் தம்பி அதில்தான் இன்ஜினியராக உழைத்து ஓய்வுபெற்றான். மனைவி கிரேஸ் இறந்ததும், "ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்" என்று பாளையங்கோட்டைக்கு வந்தவன் மூன்று வருடமாக இருக்கிறான். வீட்டுக்குள் செருப்பு அணிந்து நடக்கிறான். குறுக்கெழுத்துக் கட்டங்களை வாய்விட்டுப் படிக்கிறான். பதில் தெரிந்தாலும் என்னைக் கேட்கிறான்.

பலபடி வேதியியலில் ஆய்வுப்பட்டம் வாங்கி, ஒரு தலைமுறைப் பெண்களுக்கு அதைக் கற்பித்தவளுக்குப் பொம்மைக்குச் சாயம் அடிக்கத் தெரியாதா? "நகரு. நான் அடிக்கேன்" என்றேன். மேலே சாம்பல், நீர்மட்டத்துக்குக் கீழே செங்காவி, புகைபோக்கிக்கு மஞ்சள். அவ்வளவுதான் வேலை.

ஏப்ரல் 14, செவ்வாய்

புனேயிலிருந்து பெர்சிஸ் அழைத்தாள். செல்வினின் ஒரே மகள். "அப்பாவ எங்ககூடவே வச்சுக்கிடலாம்னு பாக்கேன் அத்தை. ஒங்களுக்கும் வயசாகுதுல்லா. நீங்க என்ன சொல்லுதீங்க?"

"தாராளமாக் கூட்டிட்டுப் போ. எனக்கு ஒரு ரூம் காலியாகும்."

செல்வின் அடுத்த அறையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வீட்டின் சுவர்கள் மெல்லியவை என்பது எனக்குத் தெரியும். வயதாகிறது என்று சொன்னால் வேறு என்ன பதிலை எதிர்பார்த்தாள்?

பிறகு அவன் தொலைபேசியை வாங்கிப் பேசினான். "கப்பல் முடியட்டும்மா. பெயின்ட் மட்டுந்தான் பாக்கி. முடிச்ச கையோட வந்திருதேன்."

நியாயமான ஏற்பாடு. மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

முதல் முயற்சி தோல்வி. வண்ணத்தை இளக்கும் தின்னர் அவனிடம் தீர்ந்துவிட்டது; புதிதாக ஆர்டர் போடுவதாகச் சொன்னான். அக்ரிலிக் வண்ணம் நீரில் கலப்பதுதானே என்று குழாய்நீரை ஊற்றினேன். பால் பதத்துக்கு வர வேண்டும் என்று செல்வின் சொல்லியிருந்தான். கிண்ணத்தின் சுவரில் வண்ணம் ஏறி இறங்கும்போது மெல்லிய படலம் தங்க வேண்டுமாம். "நீலப் பாக்கெட் பாலா, பச்சைப் பாக்கெட்டா?" என்று கேட்டேன். "நீ தண்ணி ஊத்தின பாலுக்கா" என்றான்.

பால் பதம் வந்தது. திரிந்த பாலின் பதம். ஏர்பிரஷ் இருமுறை துப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

எங்கள் தெருவின் போர் தண்ணீர் பருப்பையே வேகவிடாது. அதிலுள்ள கால்சியம் பால்மத்தைச் சும்மா விடுமா? முதலாண்டு மாணவி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். பெட்ரோல் பங்க்குக்கு ஆள் அனுப்பி பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கினேன்.

வியர்வை கண்ணில் இறங்கியது. செல்வின் எழுந்து வந்து மின்விசிறியைப் போட்டுவிட்டு, சுவிட்சுப் பலகைக்கு அருகிலேயே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தான். "ஒனக்கு வேர்த்துக் கொட்டுதுக்கா." கேட்காத கரிசனம்.

ஏப்ரல் 20, திங்கள்

பேட்டரித் தண்ணீரில் வண்ணம் திரியவில்லை. ஆனாலும் அடைக்கிறது. அடிக்கத் தொடங்கிச் சற்று நேரம் ஒழுங்காக வரும். பிறகு தூறும், துப்பும், நின்றுவிடும்.

மருந்துக்கடை ஸ்பிரிட்டைச் சோதித்தேன். வண்ணம் பாயசத்து ஜவ்வரிசியைப் போல் ஆயிற்று. குப்பையில் கொட்டினேன்.

தூசியாக இருக்கலாம் என்று பழைய வேட்டித்துணியில் வடிகட்டினேன். வண்ணத்தில் இல்லாத தூசியை வேட்டி கொடுத்து உதவியது. நூலிழை ஒன்று ஏர்பிரஷ்ஷின் மூக்கான நாசிலின் துளையில் பல்லில் சிக்கிய மாங்காய் நார்போல் நின்றது. ஊக்கால் குத்தப் போனேன். செல்வின் பதறிவிட்டான். "குத்தாதக்கா! ஓட்ட பெருசானா அத்தோட போச்சு. கழட்டி ஊறப்போடு."

ஊறுகாய்க் கிண்ணத்தில் நாசில் ஊறியது. ஊறும்வரை இருவருக்கும் வேலை இல்லை. அவன் சேற்றில் அகப்பட்ட பொருள்களைப் பற்றிச் சொன்னான். சைக்கிள், கோயில் மணி, கால் மிதிக்கிற தையல் மிஷின்.

"ஒரு தடவ ஆட்டுரல் வந்துதுக்கா. குழவியோட."

"உரல் வரும். குழவி எப்படில கூடவே வரும்? பொய் சொன்னாலும் அளந்து சொல்லு."

"வந்துதுக்கா. சத்தியமா."

"உளுந்தும் இருந்துதா?"

அவன் சிரித்துச் சிரித்து இருமினான். மாலை முழுவதும் வீணாயிற்று.

ஏப்ரல் 22, புதன்

தின்னர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டேன். "ஆர்டர் போட மறந்துட்டேன்" என்றான். குறுக்கெழுத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனால் அன்றைய உறக்கத்தை இழப்பவன் இவன். வயது என்று நினைத்துக்கொண்டேன். நானே வரவழைத்தேன்.

ஏப்ரல் 25, சனி

தின்னர் வந்தது. முதலில் தின்னர், அதன்மேல் வண்ணம், தூரிகையால் மெல்லக் கலக்கல். எல்லாம் முறைப்படி. கிண்ணத்தில் குமிழி எழவில்லை. ஆகவே காற்று பின்வாங்கவில்லை. நாசிலின் திருகும் இறுக்கம். காற்றடிக்கும் கம்ப்ரசரின் அழுத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன்.

அடைத்தது.

"ஒனக்கு எப்பவாது இப்பிடி அடைச்சிருக்கா?"

"அடைக்கும்க்கா. அதுக்கென்ன? நிதானமாப் பாரு. யாரு தொரத்துதா?"

"பெர்சிஸ் தொரத்துதா. காலைலகூடப் போன் பண்ணி, எப்ப முடியும்னு கேட்டா."

 செல்வின் எழுந்து மின்விசிறியை ஒரு எண் கூட்டிவிட்டு அமர்ந்தான்.

அடைப்பை உற்றுப் பார்த்தேன். குற்றம் நாசிலுக்குள் இல்லை. நாசிலுக்கு ஊடே செல்லும் ஊசியின் முனையில், துளைக்கு வெளியே, கடுகில் பாதியளவு வண்ணம் காய்ந்து தொப்பி போட்டிருக்கிறது. நனைந்த தூரிகையால் துடைத்தால் வண்ணம் மீண்டும் வருகிறது. சற்று நேரத்தில் புதுத் தொப்பி. கலவை துளையைத் தாண்டுவதற்குள் உலர்கிறது. ஏன் இவ்வளவு விரைவாக?

ஏப்ரல் 27, திங்கள்

கிளிசரின் ஒரு சொட்டு. உலர்வதைத் தாமதப்படுத்தும் என்பது என் கணக்கு. கொஞ்சம் பயன் இருந்தது. கூடுதலாக ஒரு சொட்டு விட்டேன். கப்பல் இரவுவரை பிசுபிசுத்தது. ஒரு கொசு இடப்பக்கத்தில் ஒட்டி உயிர் நீத்தது. செல்வின் அதற்கு மாலுமி என்று பெயர் வைத்தான்.

அது போகட்டும். ஊறவைத்தல், துடைத்தல், மீண்டும் பூட்டுதல் என்று மாலைகள் ஒழிகின்றன. கண்காட்சியில் வைக்கப்போவதில்லை, போட்டிக்கு அனுப்பப்போவதில்லை, இதற்கு இத்தனை பாடு. அவன் ஊறும் கிண்ணத்தை மடியில் அணைத்துப் பிடித்துக்கொள்கிறான். அணைத்துப் பிடித்தால் நடுங்குவதில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

மின்விசிறி பழுதாகிவிட்டது. மதியம் பெருமூச்சு விட்டு, தேர்போல் அசைந்து, நின்றது. அறை அடுப்பு. நனைந்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஆரம்பித்ததை விட மனமில்லாமல் அடித்தேன்.

ஒருமுறைகூட அடைக்கவில்லை. வலப்பக்கச் சாம்பல் முழுவதும் ஒரே மூச்சில் முடிந்தது. காய்ந்த பிறகு விரலால் தடவினேன். முட்டை ஓட்டைப் போல் இருந்தது. கிளிசரினின் அளவு சரியாக அமைந்துவிட்டது என்று குறித்துக்கொள்கிறேன்.

"பாருல" என்றேன். செல்வின் பார்த்தான். "நல்லாருக்குக்கா." குரலில் மகிழ்ச்சியைக் காணோம். அவனுடைய கப்பல்தானே?

மே 1, வெள்ளி

காலையில் எலக்ட்ரீஷியன் இசக்கி வாசலில் நின்றான். நான் அழைக்கவில்லை. "ஐயாதாம்மா ராத்திரியே போன் போட்டாவ. கண்டன்சர் போயிருக்கும், வரும்போதே வாங்கிட்டு வந்திருன்னாவ."

மகளுக்குப் போன் செய்வதற்குக்கூட என்னை எண்ணை அழுத்தச் சொல்கிறவன் இசக்கியின் எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறான்.

கண்டன்சர் மாற்றப்பட்டது. மின்விசிறி புதுமணப்பெண்ணைப் போல் சுழல்கிறது.

மாலையில் இடப்பக்கத்தை மறுபடி தொடங்கினேன். அதே வண்ணம், அதே தின்னர், அதே கிளிசரின். அடைத்தது.

மே 2, சனி

சோதனையில் ஒரு காரணியை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவை அப்படியே இருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தி அடித்தேன். சீராக வந்தது. போட்டு அடித்தேன். தொப்பி. நிறுத்தினேன். சீர்.

இத்தனை நாளும் ஊசிமுனையில் ஈரத்தை உறிஞ்சியது தலைக்கு மேலிருந்த காற்று. தண்ணீரை, ஸ்பிரிட்டை, வேட்டியைக் குற்றம் சொன்னேன். ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

தேநீரின்போது செல்வினிடம் விளக்கினேன். ஆவியாதல் வேகம், பரப்பு இழுவிசை, எல்லாவற்றையும். கரும்பலகை இல்லாத குறைதான். அவன் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்படியாக்கா" என்றான். "கண்டுபிடிச்சிட்ட" என்றும் சொன்னான்.

"நான் கண்டுபிடிக்காம வேற யாரு கண்டுபிடிப்பா?"

"அது சரி."

பெர்சிஸுக்குத் தகவல் சொல்லிவிட்டேன், இந்த வாரத்தில் முடிந்துவிடும் என்று. உடனே டிக்கெட் எடுப்பதாகச் சொன்னாள்.

மே 5, செவ்வாய்

கத்திரி தொடங்கிவிட்டது. சன்னல் சாத்தி, மின்விசிறி நிறுத்தி, வியர்வையில் குளித்து இடப்பக்கச் சாம்பலை முடித்தேன். புகைபோக்கி மஞ்சளும் முடிந்தது. அடைப்பு இல்லை. எனவே ஊறவைக்கும் வேலை இல்லை. எனவே ஆட்டுரலும் இல்லை, தையல் மிஷினும் இல்லை. செல்வின் குறுக்கெழுத்தை மனத்துக்குள்ளேயே படித்துக்கொண்டான்.

மே 7, வியாழன்

கடைசி நிறம். நீர்மட்டத்துக்கு மேலே டேப் ஒட்டி மறைத்துவிட்டு, கீழ்ப்பகுதிக்குச் செங்காவி அடித்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி ஆகியிருக்கும். பின்னால் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. திரும்பினால் செல்வினின் கை சுவிட்சின் மேல் இருந்தது.

"தொடாத!" என்று கத்திவிட்டேன். "அத்தன நேரம் பாடமா எடுத்தேன்? ஒனக்கு மண்டைல ஒண்ணும் ஏறாதா?"

கையை எடுத்துக்கொண்டான். சட்டைப் பையில் வைத்தான். துணிக்குள்ளும் அது நடுங்கியது.

"மறந்துட்டேன்க்கா."

மிச்சமிருந்த கால்வாசியையும் அடித்தேன். டேப்பை உரித்தபோது சாம்பலுக்கும் சிவப்புக்கும் இடையே கோடு கத்தியால் கீறியதுபோல் நேராக நின்றது. என் கையெழுத்துகூட அவ்வளவு நேராக இராது. கப்பல் முடிந்தது.

மே 9, சனி

பெர்சிஸ் வந்திருக்கிறாள். அவள் தாயைப் போலவே நின்றுகொண்டு சாப்பிடுகிறாள். பெட்டிகளைக் கட்டினாள். செல்வினின் உடைமை இரண்டு பெட்டிக்கு மேல் இல்லை. மூன்று வருடத்தில் ஒரு மனிதன் இவ்வளவு குறைவாகவா இடம் பிடித்தான்? வீடெல்லாம் அவன் பொருளாகவே கிடக்கிறது என்று நான் அல்லவா சொல்லிக்கொண்டிருந்தேன்?

கப்பலைப் பார்த்து வியந்தாள். "நீங்களா அத்தை அடிச்சீங்க?" அடைப்பின் கதையைச் சொன்னேன். நன்றாகச் சொல்வேன். திரிந்த பால், ஜவ்வரிசி, மாலுமிக் கொசு. அவள் சிரித்தாள். மின்விசிறிக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஃபேனா? அது எப்படி அத்தை? அப்பா பெயின்ட் அடிச்சா ஃபேனப் போடவே விடமாட்டாங்களே! ஜன்னலயும் சாத்திருவாங்க. ஊசில காஞ்சிரும்னு சொல்லி அம்மாகூட ஒரே சண்ட. கப்பலுக்குக் குளுருமாக்கும், நாங்க வேகணுமான்னு அம்மா கத்துவாங்க."

செல்வின் முற்றத்தில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிதானமாக, ஒவ்வொரு வாராக.

"வயசாகுதுல்லா. மறந்திருப்பான்" என்றேன்.

மே 10, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. தலைவலி.

அவன் மறக்கவில்லை. தெரிந்தேதான் விசிறியைப் போட்டான். இதை எழுதாமல் விட்டுவிடலாம். எழுதினாலும் மாறப்போவது ஒன்றுமில்லை. டிக்கெட் உறுதியாகிவிட்டது. பெர்சிஸ் விடுப்பு எடுத்து வந்திருக்கிறாள். நானாகத்தான் கூட்டிப்போகச் சொன்னேன். சொன்ன சொல்லை மாற்றுவதாக இருந்தால் காரணம் காட்ட வேண்டும். கண்டுபிடித்த காரணத்தை அவள் முன்னால் எப்படிச் சொல்வது? அவனுக்கும் அல்லவா கூச்சமாக இருக்கும்?

மதியம் ஒருமுறை அவன் அறைக்குப் போனேன்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. போர்வைய எடுத்து வச்சியா?"

"வச்சிட்டேன்."

"புனேல குளுரும்."

"ம்."

திரும்பி வந்துவிட்டேன். போர்வையைப் பற்றிக் கேட்கவா போனேன்?

மே 11, திங்கள்

புனே வழியாகப் போகும் மும்பை ரயிலில் ஏற்றிவிட்டேன். கப்பலை எடுத்துப்போகவில்லை. "அங்க எடம் இல்லக்கா. பிள்ளைங்க ஒடச்சிருவாங்க. இங்கயே இருக்கட்டும்" என்றான். சன்னல் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டினான். பிடித்தேன். பிடித்தால் நடுங்குவதில்லை.

ஆட்டுரலோடு குழவியும் வந்தது உண்மைதானா என்று கேட்க நினைத்திருந்தேன். பெர்சிஸ் தண்ணீர் பாட்டிலைப் பற்றி ஏதோ கேட்டாள். பதில் சொல்வதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து தரையைக் கழுவினேன். இனி யாரும் செருப்போடு நடக்கமாட்டார்கள்.

மே 14, வியாழன்

தண்ணீர் வரி. ரேஷன். பல் வைத்தியர்.

மே 19, செவ்வாய்

குறுக்கெழுத்தை நானே நிரப்பிப் பார்த்தேன். இடமிருந்து வலம், ஐந்தெழுத்து. விடை தெரியும். யாரிடம் கேட்பது? தெரிந்துகொண்டே கேட்பவனின் வேலை அவ்வளவு எளிதல்ல போலும்.

மே 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் செல்வின் அழைத்தான். பெர்சிஸ் எண்ணை அழுத்திக் கொடுத்திருக்க வேண்டும். பின்னணியில் தொலைக்காட்சியும் பிள்ளைகளும். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "கோதம" என்றான். அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது.

"கப்பல் எப்படி இருக்குக்கா?"

கப்பல் என் எதிரிலேயே அலமாரியில் நின்றது. சிவப்பில் ஒரு கீறல் இல்லை. முட்டை ஓடு.

"உரியுதுல" என்றேன். "அடிப்பக்கம் செவப்பு உரியுது. மறுபடி அடிக்கணும். பிரஷ்ஷும் அடைச்சுக்கிட்டு. எவ்வளவு கழுவியும் கேக்கமாட்டேங்கு. எனக்குத் தனியா முடியல."

தொலைக்காட்சியில் யாரோ கைதட்டினார்கள்.  இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஃபேன் ஓடுதாக்கா?"

"ஓடுது."

 மூச்சு மட்டும் கேட்டது. இங்கே இருந்தபோது அந்த மூச்சுச் சத்தத்துக்கே திட்டுவேன்.

"ஓடட்டும்க்கா" என்றான். "நிறுத்தாத."

பிறகு பெர்சிஸ் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். அப்பாவுக்கு இங்கே நல்ல டாக்டர் கிடைத்திருக்கிறார், மருந்து ஒத்துக்கொள்கிறது, இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றாள். கவலைப்படவில்லை என்றேன்.

மே 25, திங்கள்

பொய் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. இந்த வயதில் தொடங்கவும் விருப்பமில்லை.

ஆகவே காலையில் கம்ப்ரசரை எடுத்து வைத்தேன். கிண்ணத்தில் தின்னர், அதன்மேல் செங்காவி. சன்னல்களைத் திறந்தேன். மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, சுவிட்சுப் பலகைக்கு அருகிலிருந்த நாற்காலியில் அமர்ந்து, பழைய செய்தித்தாள்மீது அடித்தேன். முதலில் பனியைப் போல் வந்தது. பிறகு தூறியது, துப்பியது. நின்றது.

ஊசிமுனையில் தொப்பி ஏறியிருந்தது. சிவப்பு.

கழுவவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன்.